உச்சாணி தரையில் வழி தேடிய சாயங்காலம்

அந்தக் கட்டட சைட்டில் வேலை பார்த்தவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரு விஷயத்தைச் சத்தியம் செய்து சொல்வார்கள். அந்தப் பக்கம் பறக்கும் காக்கைகள்கூட டவர் கிரேனின் கேபினுக்குக் கீழே வந்ததும் நின்று, நிமிர்ந்து பார்த்து, உள்ளே உட்கார்ந்திருப்பவனிடம் வழி கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பறக்குமாம். பறக்கிற காக்கை எப்படி நிற்கும் என்று கேட்பவர்கள் அந்தக் கிரேனைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கேபினில் உட்கார்ந்திருந்தவனுக்கு உச்சாணி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. சிமென்ட் மூட்டை சுமக்க வந்த ஆள்தான். ஒரு நாள் கிரேன்காரர் வராமல் போக, "எவன்டா மேல ஏறுவான்?" என்று மேஸ்திரி கத்த, எல்லோரும் தரையைப் பார்த்தபோது இவன் ஒருவன் மட்டும் அசடு மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு ஏறியவன்தான். நாள் முழுக்கக் கீழேயே பார்த்துப் பார்த்து அவன் கழுத்து அப்படியே வளைந்துவிட்டது. "என் முகத்தப் பாத்து இவர் பேசினதே இல்ல, என் கால் விரல்கிட்டத்தான் பேசுவாரு" என்று அவன் பெண்டாட்டி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். இப்போதெல்லாம் அவள் அதைச் சொல்வதில்லை.

மேலே பகலெல்லாம் பேச ஆளில்லை. கீழே இறங்கியதும் பேச வாய் வரவில்லை. ஒரு கிளாஸ் உள்ளே போனால் வாய் வந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு தூக்கம் வருவதற்காக ஒரு கிளாஸ், விடிந்ததும் கை நடுக்கம் நிற்பதற்காக ஒரு கிளாஸ் என்று அது வளர்ந்து, கடைசியில் டீ கொண்டுபோகும் ஃபிளாஸ்க்கில் டீக்குப் பதிலாக வேறொன்று மேலே ஏற ஆரம்பித்தது. உச்சியில் உட்கார்ந்து குடிப்பவனை யார் முகர்ந்து பார்ப்பார்கள்? காக்கைதான் பார்க்க வேண்டும்.

கிரேனுக்கு மேலே ஒருவன் இருந்தால் போதாது, கீழே அவனுக்குக் கண்ணாக ஒருவன் வேண்டும். கொக்கிக்கு அருகில் நின்று, வாக்கி டாக்கியில் "ஏத்து, இறக்கு, இடது, வலது" என்று சொல்கிற சிக்னல் ஆள். உச்சாணிக்கு அந்தக் கண் அவனுடைய மச்சான், பெண்டாட்டியின் தம்பி. சொந்த மாமாவே தலைக்கு மேல் இருக்கும்போது எது விழுந்துவிடப் போகிறது என்று அக்காதான் தைரியம் சொல்லி அவனை அனுப்பி வைத்தாள்.

அன்று காலையில் அது விழப் பார்த்தது. ஒரு கட்டு இரும்புக் கம்பி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் "நிறுத்து" என்றான். உச்சாணியின் கை அதைக் கேட்க ஒரு கணம் தாமதித்தது. ஒரே ஒரு கணம்தான். கம்பிக் கட்டு வீசிய வீச்சில் மச்சானின் ஹெல்மெட் தெறித்துப் போய்ச் சுவரில் மோதி உருண்டது. நல்லவேளை, தலை அதற்குள் இல்லை.

"என்னடா ஆச்சு?" என்று மேஸ்திரி ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல மேஸ்திரி, காத்து" என்றான் மச்சான்.

காற்று என்பது மருந்துக்குக்கூட இல்லாத காலை அது.

உச்சாணி மதியம் சாப்பிட இறங்கியபோது மச்சான் கிரேனின் அடியில் காத்திருந்தான். ஃபிளாஸ்க்கை வாங்கினான், மூடியைத் திறந்தான், முகர்ந்தான், மணல் குவியலில் கவிழ்த்தான். உச்சாணி தடுக்கவில்லை.

"மாமா, அக்காகிட்ட சொல்ல மாட்டேன். மேஸ்திரிகிட்டயும் இன்னிக்கு சொல்ல மாட்டேன். முதலுதவி ரூம் நர்சம்மா ஒரு கூட்டத்தப் பத்திச் சொன்னாங்கல்ல? குடிய விட்டவங்களும் விட நினைக்கிறவங்களும் உக்காந்து பேசறது. சாயங்காலம் நீ அங்க போற."

"போகலேன்னா?"

"நாளைக்கு உன் கொக்கிக்குக் கீழ நான் நிக்க மாட்டேன். ஏன் நிக்கலேன்னு கேட்டா, உள்ளத சொல்லிடுவேன்."

உச்சாணி வீறாப்பாகச் சிரித்தான். "அந்த இடம் எனக்குத் தெரியாதா? மேலேருந்து தினமும் பாக்கறேன்டா, நீலத் தொட்டிக்குப் பக்கத்து முற்றம்."

அது பொய்யில்லை. சைட்டுக்குப் பின்னால் இருந்த சந்துகளில் ஒன்றில், மரத்தடி முற்றம் ஒன்றுக்குள் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒவ்வொருவராக ஆட்கள் நுழைவார்கள். சற்று நேரம் கழித்து முற்றத்தில் வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள். பிறகு கலைந்து போவார்கள். இவன் அவர்களைச் சீட்டாடும் கூட்டம் என்று நினைத்திருந்தான். நர்சம்மா சொன்ன பிறகுதான் விளங்கியது. மேலிருந்து எல்லோரும் வெறும் உச்சந்தலைதான் என்றாலும், இரண்டு பேருக்கு அவன் பேர்கூட வைத்திருந்தான். ஒன்று நிலா: வழுக்கை, பளபளவென்று. இன்னொன்று குடை: வெயிலோ மழையோ இல்லாவிட்டாலும் விரித்த குடையோடு வரும் யாரோ ஒருவர்.

சாயங்காலம் வேலை முடிந்து இறங்கினான். மச்சானால் கூட வர முடியவில்லை. சிமென்ட் லாரி வரும்வரை சைட்டை விட்டு நகரக் கூடாது என்று மேஸ்திரி கட்டளை போட்டுவிட்டுப் போயிருந்தார். "வாக்கி டாக்கிய எடுத்துக்கிட்டுப் போ. வாசலுக்குப் போனதும் சொல்லு" என்றான். அவன் குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை.

மேலிருந்து பார்த்தபோது உள்ளங்கை ரேகை மாதிரி இருந்த சந்துகள், தரையில் கால் வைத்ததும் அவனை முன்பின் பார்த்திராத மாதிரி நடந்துகொண்டன. மேலே இருந்து பார்த்தால் கூரைகள். கீழே எல்லாம் சுவர்கள். நீலத் தண்ணீர்த் தொட்டி வைத்த மொட்டை மாடிக்குப் பக்கத்து முற்றம் என்பதுதான் அவன் வைத்திருந்த அடையாளம். தெருவில் நின்றால் எந்தத் தொட்டி தெரிகிறது?

முனையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் போனான். "அண்ணே, இங்க ஒரு கூட்டம் நடக்குமாமே?"

"என்ன கூட்டம்? கட்சிக் கூட்டமா?"

"இல்ல..."

"சங்கக் கூட்டமா? பொண்ணு பாக்கற கூட்டமா?"

"அது... சும்மா உக்காந்து பேசுவாங்களாம்."

"சும்மா உக்காந்து பேசறதுக்கு எதுக்குய்யா கூட்டம்? இங்கயே உக்காந்து பேசு" என்று அவர் பெட்டியை மறுபடி துணிமேல் வைத்தார்.

குடி என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் கையை நீட்டிக் காட்டியிருப்பார். அந்தச் சொல் தொண்டையிலேயே கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. பிறகு உச்சாணி செய்த காரியத்தை அவன் பெண்டாட்டி கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். எதிரே வந்த வழுக்கைக்காரர் நிலாதானா என்று சரிபார்க்க, ஒரு வீட்டுப் படிக்கட்டில் ஏறி, அவருடைய மண்டையை மேலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னய்யா, ஏதாவது எழுதியிருக்கா?" என்று அவர் சீறிவிட்டுப் போனார்.

கை நடுங்க ஆரம்பித்திருந்தது. மதியத்திலிருந்து உள்ளே ஒன்றும் போகவில்லை. முதுகில் வியர்வை வழிந்து இடுப்பில் தேங்கியது. இன்னும் இரண்டு திருப்பம் திரும்பினால் அவன் வாடிக்கையாகப் போகும் மதுக்கடை வரும் என்பது மட்டும் அவன் உடம்புக்கு எந்த அடையாளமும் இல்லாமல் தெரிந்திருந்தது. வாக்கி டாக்கியை எடுத்தான்.

"மச்சான், வழி தெரியல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நீ இப்ப திரும்பினா எங்க போவேன்னு எனக்குத் தெரியும். அங்கயே நில்லு. அசையாத."

"என்ன பண்ணப் போற?"

"மேல ஏறிப் பாத்து வழி சொல்றேன்."

உச்சாணிக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. மச்சானுக்கு உயரம் என்றால் குலை நடுக்கம். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல் போட்டால் அவன் பெண்டாட்டி ஏறுவாள், இவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். ஏதோ ஒரு வீரத்தில் சொல்கிறான், நாலு படியில் இறங்கிவிடுவான் என்று நினைத்துக்கொண்டு உச்சாணி ஒரு சுவரில் சாய்ந்து நின்றான். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டான். கடைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர் அவனைக் கடந்து போனார்கள். ஒருவர், "வரலியா?" என்று தலையாட்டிக் கேட்டார். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பற்கள் தந்தியடித்தன.

இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"மாமா... வந்துட்டேன்."

"எங்க?"

"உன் சீட்ல. கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"கண்ண மூடிக்கிட்டு எனக்கு எப்படிடா வழி சொல்வ?"

"ஒரு கண்ணத் தொறக்கறேன், இரு. உன் மஞ்சள் ஹெல்மெட்ட எடுத்து மாட்டு. அப்பதான் தெரியும்... அய்யோ அம்மா. சரி, தெரியுது. நேரா போ."

ஹெல்மெட் மாட்டிய ஒரு மனிதன், சுவர்களைத் தவிர ஒன்றும் இல்லாத சந்தில், தலையில் எது விழப்போகிறதோ என்று எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும்படி நடந்து போனான். மச்சான், கொக்கியில் தொங்கும் பாரத்தை நகர்த்துவது போலவே அவனை நகர்த்தினான். "நேரா... நேரா... மெதுவா... வலது. இன்னும் கொஞ்சம். இப்ப திரும்பி வர்ற சந்துல நுழை. நேரா... இடது."

இடது பக்கம் திரும்பினான். மேலே நீலத் தொட்டி தெரிந்தது. கீழே தகரக் கதவு. கதவு திறந்தது.

அது அவனுடைய மதுக்கடையின் பின்வாசல். காலி பாட்டில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அந்த வாசனை அவன் மூக்கில் ஏறி, நேராக முழங்கால்வரை இறங்கியது.

"என்னண்ணே, இன்னிக்கு ஹெல்மெட்டோட?" கடைக்காரர் காலிப் பெட்டி ஒன்றை வெளியே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க பெண்டாட்டி துரத்திக்கிட்டு வர்றாங்களா? பின்பக்கம் வந்தா என்ன, வாங்க, உங்க இடம் காலியாத்தான் இருக்கு."

வாக்கி டாக்கி உற்சாகமாகக் கத்தியது. "அதேதான் மாமா! நீலத் தொட்டி, ஆளுங்க நிக்கறாங்க பாரு. போ, உள்ள போ. யோசிக்காத. போயிடு!"

குடிக்கிறவனுக்குச் சாக்குக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் ஆகாயத்திலிருந்து, அதுவும் மச்சானின் குரலில், சாக்கு தானாக இறங்கி வந்தது இதுதான் முதல் தடவை. உள்ளே போகலாம். நாளைக்குக் கேட்டால், "நீதானடா போகச் சொன்ன" என்று சொல்லலாம். அவன் சொன்னதற்குச் சாட்சியாகக் கடைக்காரரே நிற்கிறார். ஒரே ஒரு கிளாஸ். நடுக்கம் நின்றதும் கூட்டத்துக்குப் போகலாம். நடுங்காத கையோடு போனால் அவர்களுக்கும் மரியாதை. வலது கால் வாசல்படியில் ஏறியது.

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. 'நிறுத்து' என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். பெருக்குகிறவர் சொன்னாலும் சரி, டீ கொண்டுவருகிறவர் சொன்னாலும் சரி. முதலில் நிறுத்து, கேள்வி பிறகு. உச்சாணி இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறானே ஒழியச் சொன்னதில்லை. அது கீழே நிற்பவர்களின் சொல். இப்போது கீழே நிற்பது அவன்தான்.

பொத்தானை அழுத்தினான். "நிறுத்து."

"என்ன மாமா?"

"நிறுத்துடா. இது கூட்டம் இல்ல. கடையோட பின்வாசல்."

மிகச் சின்னக் குரலில், "உள்ள போயிட்டியா?"

"படியில நிக்கறேன். காலு என் பேச்சக் கேக்கல. நீ பேசிக்கிட்டே இரு. நீ நிறுத்தினா நான் போயிடுவேன்."

"இரு, இரு, இரு. நான் இடதுன்னுதான சொன்னேன்? நீ கிரேனப் பாத்து நிக்கறியா, முதுகக் காட்டி நிக்கறியா?"

"பாத்து."

"அய்யய்யோ!"

சைட்டில் சிக்னல் ஆள் தன்னுடைய இடது வலதை மறந்துவிட வேண்டும். இடது என்றால் கேபினில் இருப்பவனின் இடது. மச்சானுக்கு அது எலும்பில் ஊறிய பழக்கம். சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னால்கூட, கிரேன் எந்தத் திசையில் இருக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் நகர்த்துவான். உச்சாணி கிரேனுக்கு முதுகு காட்டி நடந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. சந்து வளைந்து அவனைக் கிரேனைப் பார்க்கத் திருப்பியதும், மேலே இருப்பவனின் இடது கீழே இருப்பவனுக்கு வலதாகிவிட்டது. இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. நீலத் தொட்டியும் இரண்டு பக்கத்து மாடிகளிலும் இருந்து தொலைத்தது.

"திரும்பு மாமா. அந்தப் படியிலேருந்து இறங்கு. இறங்கிட்டியா? நட. எதிர்ச் சந்து. நட, நட. எங்க அக்காவ நீ பொண்ணு பாக்க வந்தப்ப கால் இடறி செருப்பு பிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? சிரிக்காத, நட."

"அண்ணே, உங்க இடம்!" என்று கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். உச்சாணி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கழுத்தோடு காலும் திரும்பிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

எதிர்ச் சந்தின் கடைசியில் மரம், இரும்புக் கதவு, முற்றம். பழைய மரப்பட்டறை ஒன்றின் பின்கட்டு. போர்டு எதுவும் இல்லை. வாசலில் பளபளவென்று நிலா நின்றுகொண்டிருந்தது. நேரில் பார்த்தால் அவர் சவரக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் முடிவெட்டுகிறவருக்கு ஒரு முடிகூட இல்லை.

"வாங்க. முதல் தடவையா?"

இத்தனை தூரம் வந்தவன், ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும். "எனக்கில்லீங்க" என்றது வாய். "என் மச்சானுக்காக விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன். அவன்தான்... கொஞ்சம் அதிகமா."

சவரக்கடைக்காரர் அவன் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "விசாரிக்க வந்தவங்களும் உக்காரலாம்" என்று டீ ஊற்றிக் கொடுத்தார். அரை டம்ளர்தான் ஊற்றினார். நடுங்கும் கைக்கு எவ்வளவு ஊற்றலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே ஓர் அறையில் வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு தையல்கார அம்மா பேசிக்கொண்டிருந்தார். யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் ஆலோசனை சொல்லவில்லை. உச்சாணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். வந்தாயிற்று. மச்சான் வரச் சொன்னான், வந்தாயிற்று. உட்கார்ந்திருந்துவிட்டுப் போனால் கணக்கு முடிந்தது.

வாக்கி டாக்கி அலறியது.

"மாமா! இது சுத்துது! தானா சுத்துது மாமா!"

உச்சாணி முற்றத்துக்கு ஓடினான். நிமிர்ந்து பார்த்தான். சாயங்காலக் காற்று கிளம்பியிருந்தது. கிரேனின் நீண்ட கை கூரைகளுக்கு மேல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கிரேன்காரன் இறங்கும்போது பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் இறங்குவான். காற்றடித்தால் அது தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். இழுத்துப் பிடித்தால்தான் ஆபத்து. இது உச்சாணிக்குத் தாலாட்டு. மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு உலகம் கழன்றுகொள்கிற மாதிரி இருக்கும்.

"டேய், எதையும் தொடாத! அது அப்படித்தான் சுத்தும், விழாது. கேக்குதா?"

"கை வர மாட்டேங்குது மாமா. கம்பியப் பிடிச்சது பிடிச்சபடியே இருக்கு. நீ வா. நீ வந்து என்ன இறக்கு."

வரலாம். ஓடினால் சீக்கிரம் போய்விடலாம். வழியில் அந்தத் தகரக் கதவு இருந்தது. உச்சாணி இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் வந்தா வழியிலயே நுழைஞ்சிடுவேன்டா" என்றான் மெல்ல. "என்ன நம்பாத. என் குரல மட்டும் நம்பு. வாக்கி டாக்கிய காலர்ல மாட்டிக்க. ஏணில ரெண்டு கையும் வேணும், அதனால நீ பேசாத. ஏணிக்கு இடையில நிக்கறதுக்குத் தட்டு வரும், அதுல நின்னு மட்டும் பேசு. கேபினுக்கு வெளியில முதல் படி எங்க இருக்குன்னு காலாலயே தேடு. கீழ பாக்காத. உன் கைக்கு நேரா இருக்கற கம்பிய மட்டும் பாரு."

பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம். வட்டத்தில் இருந்தவர்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

"யாருங்க மேல?" என்று குடைக்கார அம்மா கேட்டார்.

"என் மச்சான்."

"குடிச்சிட்டு ஏறிட்டாரா?"

உச்சாணி ஒரு கணம் கண்ணை மூடினான். "ஆமாங்க" என்றான்.

ஒரு தட்டு. "நின்னுட்டேன் மாமா." மறுபடி மௌனம். ஏணியில் இருக்கும்போது அவன் பேச முடியாது. உச்சாணி மட்டும் பேசிக்கொண்டே இருந்தான்: கை, கால், கை, கால், அவசரம் இல்லை. தன் வாழ்க்கையில் ஒரே நாளில் அவன் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். இன்னொரு தட்டு. "நின்னுட்டேன்." குரலில் அழுகை. மறுபடி மௌனம். உச்சாணியின் கையிலிருந்த கருவி பீப் பீப்பென்று முனக ஆரம்பித்தது. காலையிலிருந்து சார்ஜ் போடவில்லை.

"மச்சான், இன்னும் கொஞ்சம்தான். மச்சான்?"

சின்ன விளக்கு அணைந்தது. கருவி செத்துப்போனது.

அவன் பொத்தானை அழுத்தினான், தட்டினான், காதில் வைத்துக் குலுக்கினான். மரத்துக்குப் பின்னால், கட்டடங்களுக்குப் பின்னால், ஏணியின் கீழ்ப்பாதி இங்கிருந்து தெரியாது. "உக்காருங்க" என்று சவரக்கடைக்காரர் அவன் தோளைத் தொட்டார். "எங்க ஆள் ஒருத்தர் சைக்கிள்ல போயிருக்காரு. பாத்துட்டு வரட்டும்."

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். குடைக்கார அம்மா விட்ட இடத்திலிருந்து பேசினார். தைக்கக் கொடுத்த ஒரு கல்யாண ரவிக்கையைப் போதையில் இரண்டு கையும் ஒரே பக்கமாக வைத்துத் தைத்ததைச் சொன்னார். வட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு, அந்தப் பெண் அதைப் போட்டுப் பார்த்தபோது தன் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. உச்சாணிக்குச் சொற்கள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை. கண் கதவிலேயே இருந்தது. மச்சானுக்கு ஏதாவது ஆனால், பெண்டாட்டியிடம் போய் நின்று அவள் கால் விரல்களிடம் என்ன சொல்வது?

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. சைக்கிள்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு மச்சான் வந்தான். சட்டையெல்லாம் கிரீஸ், உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. உடம்பு மொத்தமும் உதறியது. கண்கள் சிவந்திருந்தன. பார்க்கிறவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது.

"பாவம், எப்படி ஆடுது பாருங்க" என்று குடைக்கார அம்மா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். "உக்காருப்பா. வெக்கப்படாத. நாங்க எல்லாருமே இப்படி ஆடிக்கிட்டு வந்தவங்கதான்."

"இல்லீங்க, நான்..."

"எல்லாத்தையும் உங்க மாமா சொல்லிட்டாரு. குடிச்சிட்டு அவ்வளவு உயரத்துல ஏறலாமா? கீழ நிக்கறவங்க உயிர் என்னாகும்?"

மச்சான் மெல்லத் திரும்பினான். உச்சாணியைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தேவலாம். அவன் முகத்தில், காலையில் ஹெல்மெட் உருண்டபோது இருந்த அதே பார்வை வந்தது. வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான்.

"ஆமாங்க" என்றான் மச்சான். "நான்தான். தப்புதாங்க."

வட்டம் ஆதரவாகத் தலையாட்டியது. யாரோ அவனுக்கு அரை டம்ளர் டீ ஊற்றினார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு அதை வாங்கினான்.

உச்சாணி வாசலைப் பார்த்தான். வெளியே போய்விடலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. எல்லோரும் மச்சானைத்தான் பார்க்கிறார்கள். சவரக்கடைக்காரர் ஒருவர் மட்டும் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் இல்ல" என்றான் உச்சாணி.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவன் குடிக்கவே மாட்டான். ஸ்டூல் மேலகூட ஏற மாட்டான். குடிக்கிறது நான். காலையில கம்பிய அவன் தலைமேல வீசினது நான். அவன் காத்துன்னு சொல்லிட்டான். இப்பவும் எனக்காகப் பொய் சொல்றான். எனக்குத்தான்... எனக்குத்தான் இந்த நாற்காலி வேணும்."

யாரும் கைதட்டவில்லை. யாரும் "அடடா" என்றும் சொல்லவில்லை. சவரக்கடைக்காரர் எழுந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். "உக்காருங்க" என்றார், முதல் தடவை சொன்ன அதே குரலில். குடைக்கார அம்மா மச்சானைப் பார்த்து, "அப்ப நீ ஏம்ப்பா இப்படி ஆடற?" என்றார்.

"பயம்மா" என்றான் மச்சான். "வேற ஒண்ணுமில்ல. வெறும் பயம்." சொல்லிவிட்டு, டீயை மடியில் கொட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். சிரித்தான் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மேஸ்திரி. அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "லாரிக்காரன் வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறான், நீ எங்கடா போய்த் தொலைஞ்ச?"

மச்சான் வாயைத் திறந்தான். காற்று, வயிற்றுவலி, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதோ ஒன்று அங்கே தயாராக வந்து நிற்பதை உச்சாணி பார்த்தான். போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"மேஸ்திரி, நான்தான். அவன் என்னாலதான் வந்தான், அவன ஒண்ணும் சொல்லாதீங்க. லாரிக்கு இப்ப அனுப்பறேன்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்குக் கிரேனுக்கு வேற ஆள் பாருங்க."

"ஏன்? உனக்கென்ன கேடு?"

"காலையில நர்சம்மா ரூமுக்கு வர்றேன். நீங்களும் வாங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன்."

மேஸ்திரி இன்னும் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். உச்சாணி போனை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் கால் விரல்களைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தான். கழுத்து வலித்தது.

"நீ போ மச்சான். லாரி நிக்குது."

"நீ?"

"நான் இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்லையே" என்றான் உச்சாணி.